ஆரத்தி வெளிச்சத்தில் தொலைந்த முகம்
கேமராவின் அடிப்படை அளவுகளைக் கற்றல்

2011ஆம் ஆண்டு ஐப்பசியில் என் தாயாரைக் காசிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நெடுநாள் அவர் கேட்டுக்கொண்டிருந்த பயணம் அது. புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கியிருந்தேன். உடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. கேமராவின் மேலுள்ள சக்கரத்தைப் பச்சை நிற ‘ஆட்டோ’ குறியில் நிறுத்திவிட்டால் மற்றவற்றை அதுவே கவனித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன்.

மாலையில் தசாசுவமேத படித்துறையில் கங்கை ஆரத்தி. படிகளில் அமர்ந்திருந்த அம்மாவுக்குப் பின்னால் மேடைகளில் அர்ச்சகர்கள் அடுக்குத் தீபங்களை ஏந்தி நின்றார்கள். முதல் படத்திலேயே கேமராவின் ஃபிளாஷ் தானாக எழுந்து மின்னியது. அம்மாவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. பின்னாலிருந்த மேடை இருளில் மூழ்கியது. இடையில் மிதந்த சாம்பிராணிப் புகை வெண்திரையாக விழுந்தது. உடனே ஃபிளாஷை நிறுத்திவிட்டு மேலும் நாற்பது படங்கள் எடுத்தேன். கேமராவின் சிறு திரையில் அவை அழகாகவே தெரிந்தன. ஊர் திரும்பிக் கணினியில் திறந்தபோதுதான் அவற்றுள் ஒன்றில்கூட அம்மாவின் முகம் தெளிவாக இல்லை என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆடியில் அவர் காலமானார். அந்த மாலையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறிய எனக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதற்கு உதவியவை அந்தப் படங்களே. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும், தான் எடுக்கப்பட்ட விதத்தைத் தன்னுள் பதிந்துவைத்திருக்கிறது. கணினியில் அக்கோப்பின் ‘பண்புகள்’ பகுதியைத் திறந்தால், பாஸ்புக்கில் வரவு செலவைப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் பார்க்கலாம். என் படத்தில் இருந்த பதிவு இது: லென்ஸ் 24 மி.மீ., துளையளவு எஃப்/4, ஷட்டர் வேகம் 1/8 நொடி, ஐ.எஸ்.ஓ. 400. கேமராவை முறையாகக் கற்க விரும்பும் எவருக்கும் இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே அந்த வரியையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு குடம் வெளிச்சம்

படம் என்பது கேமராவின் உணரியில் விழும் ஒளி. குழாயடியில் குடம் நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிரம்பும்; சிறிதாகத் திறந்தால் நெடுநேரம் பிடிக்கும். சிறிய குடமாக இருந்தால் கொஞ்சம் நீரே போதும். குழாயின் திறப்பு லென்ஸின் துளையளவு. திறந்திருக்கும் நேரம் ஷட்டர் வேகம். குடத்தின் அளவு ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். ஒன்றை மாற்றினால் மற்றொன்றால் அதை ஈடுசெய்ய வேண்டும். கேமரா தொடர்பான எல்லா நூல்களும் இந்த ஒரு கணக்கையே சுற்றிச்சுற்றிச் சொல்கின்றன.

ஆட்டோ முறையில் கேமராவும் இதே கணக்கைத்தான் போட்டது, கணக்கில் பிழையில்லை. படத்தின் வெளிச்ச அளவு சரியாகவே இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தைச் சேர்க்க அது 1/8 நொடி எடுத்துக்கொண்டது. எதிரே இருப்பது தாயாரா, தூணா என்று கேமராவுக்குத் தெரியாது. தூணாக இருந்து, கேமராவும் ஒரு திண்ணையின்மேல் இருந்திருந்தால் 1/8 நொடி போதுமானதே.

கையில் பிடித்த கேமரா ஒருபோதும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. இதற்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு வழக்கு உண்டு: லென்ஸின் குவியத் தொலைவு எவ்வளவோ, ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்கைவிட ஷட்டர் மெதுவாக இருக்கக்கூடாது. 50 மி.மீ. லென்ஸானால் 1/50, 200 மி.மீ. ஆனால் 1/200. நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் கேமராக்களில் உணரி, முழு ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது என்பதால் அந்த எண்ணை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். என் 24 மி.மீ.க்குக் குறைந்தது 1/40 நொடி தேவைப்பட்டது. நான் எடுத்தது 1/8. அதாவது தேவையைவிட ஐந்து மடங்கு நீண்ட நேரம்.

‘என் லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே’ என்று சிலர் கேட்கலாம். அந்தத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும்; எதிரில் இருப்பவர் திரும்புவதையோ சிரிப்பதையோ நிறுத்தாது. விற்பனையாளர்கள் சொல்ல மறக்கும் வேறுபாடு இது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அர்ச்சகர் சுழற்றும் தீபம் 1/8 நொடிக்குள் 12 சென்டிமீட்டருக்குமேல் நகர்ந்துவிடும். 1/125 நொடியில் 8 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு 1/60, நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, பரத்பூர் சரணாலயத்தில் பறந்தெழும் நாரைக்கு 1/1600 என்று தொடங்கினால் பெரும்பாலும் தவறு நேராது. தீபம் தீக்கோடாக நீள்வதே உங்களுக்கு வேண்டுமென்றால், கேமராவைப் படிக்கல்லில் ஊன்றி அரை நொடி வையுங்கள். அங்கே மங்கல் பிழையன்று; நீங்கள் கேட்டு வாங்கியது.

அம்மாவை 1/60 நொடியில் எடுத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இழந்த வெளிச்சத்தை எங்கிருந்து பெறுவது? அந்த லென்ஸ் 24 மி.மீ.இல் எஃப்/4 அளவுக்குமேல் திறக்காது. குழாய் ஏற்கெனவே முழுதாகத் திறந்தே இருந்தது. எஞ்சியது ஐ.எஸ்.ஓ. மட்டும். அதை இருமடங்காக்கினால் நேரம் பாதியாகும். 400இல் 1/8; 800இல் 1/15; 1600இல் 1/30; 3200இல் 1/60. மூன்று முறை சக்கரத்தைத் திருப்பியிருந்தால் போதும். அந்த நாற்பது படங்களுக்கும் அந்த மூன்று திருப்பல்களுக்கும் இடையேதான் எல்லாம் இருந்தது.

ஐ.எஸ்.ஓ. உயர்ந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும் என்பது உண்மையே. அந்த அச்சத்தினால்தான் பலர் அதைத் தொடுவதில்லை. ஆனால் புள்ளி விழுந்த தெளிவான முகத்தை அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டலாம். மங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. இன்றைய கேமராக்களில் 3200 என்பது அஞ்சத்தக்க எண்ணே அன்று. ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942–1999) கங்கையையும் காசியையும் வண்ணத்தில் படம்பிடித்து நூல்களாக வெளியிட்ட காலத்தில் பெரிதும் வழங்கிய கோடாக்குரோம் வண்ணச் சுருள்களின் உணர்திறன் 25, 64 என்ற அளவிலேயே இருந்தது. நம் கையில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு வசதி.

துளையளவின் விந்தை எண்கள்

துளையளவைக் குறிக்கும் எண்கள்தான் புதியவர்களை மிகவும் குழப்புகின்றன: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. எண் பெருகப் பெருகத் துளை சுருங்குகிறது! காரணம் எளியது. அது ஒரு பின்னம். லென்ஸின் குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது துளையின் விட்டம். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் 25 மி.மீ. அகலத் துளை, எஃப்/4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும்; ஒளியும் கால்பங்காகும். ஆகவே இவ்வரிசையில் ஒரு படி நகர்ந்தால் ஒளி பாதி. இரண்டு படி நகர்ந்தால் கால்.

துளையளவு வெளிச்சத்தோடு நிற்பதில்லை. படத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு இருக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாதபோது கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். எழுத்து சற்றுத் தெளியும். லென்ஸிலும் அதுவே நிகழ்கிறது. துளையைச் சுருக்கினால் அருகிலுள்ள படகும் தொலைவிலுள்ள படித்துறைக் கோபுரமும் ஒருசேரத் தெளியும். அகலத் திறந்தால் ஒருவரின் முகம் மட்டும் தெளிந்து பின்னாலிருக்கும் கூட்டமும் விளம்பரப் பலகைகளும் மென்மையாகக் கரையும். ஒருவர் படத்துக்கு எஃப்/2.8, குடும்பம் இரண்டு வரிசையாக நிற்கும் படத்துக்கு எஃப்/5.6 அல்லது 8, நிலக்காட்சிக்கு எஃப்/8 அல்லது 11 என்று தொடங்கலாம். எஃப்/22 வரை சுருக்கினால் இன்னும் தெளியும் என்று எண்ண வேண்டாம். மிகச் சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும்.

வாங்குவது பற்றியும் ஒரு சொல். மங்கல் படங்களைக் கண்டதும் நான் செய்ய நினைத்தது, தவணையில் இன்னும் விலையுயர்ந்த கேமரா வாங்குவது. நல்லவேளையாகச் செய்யவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை விற்கின்றன. அவற்றின் லென்ஸ் வரிசையில் மிக மலிவானவற்றுள் அதுவும் ஒன்று. கேமராவுடன் வரும் லென்ஸ் அதே தொலைவில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஒளியில் ஏறக்குறைய 10 மடங்கு வேறுபாடு. கேமரா பழையதாகவே இருக்கட்டும். மாலை வெளிச்சத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது இந்த 10 மடங்குதான்.

வெண்மையைக் கண்டு அஞ்சும் கேமரா

இன்னொரு பொத்தான் உண்டு. அதன் மீது கூட்டல், கழித்தல் குறிகள் இரண்டும் சேர்ந்திருக்கும். இதைப் பயன்படுத்தாதவர்கள்தான் மிகுதி. இதைக் கற்ற நாளில்தான் என் படங்கள் மாறின என்பேன்.

கேமராவின் ஒளிமானி தன் முன்னே இருப்பது எதுவாயினும் அது சராசரியான சாம்பல் வண்ணம் என்று எண்ணியே அளக்கிறது. பெரும்பாலான காட்சிகளில் இது பொருந்தும். ஆனால் குல்மார்க்கின் பனிச்சரிவையோ, கட்ச் ரண்ணின் உப்பு வெளியையோ, மார்கழி மூடுபனியில் தாஜ்மகாலையோ காட்டினால் ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று அதுவாகவே குறைத்துவிடும். பனி அழுக்குச் சாம்பலாக வரும். சலவைக்கல் சிமெண்ட் நிறமாகும். அங்கே +1 அல்லது +1.3 வைக்க வேண்டும். கேமரா குறைத்த வெளிச்சத்தை நாம் திருப்பிக் கொடுக்கிறோம். எதிர்மாறாக, கருங்கல் சிற்பத்தையோ, இரவு வானின் முன் எரியும் தீபத்தையோ கண்டால் அது ‘இருட்டு’ என்று எண்ணி ஏற்றிவிடும். தீபத்தின் சுடர் வடிவமிழந்து வெண்கட்டியாகும். அங்கே -1. இவ்வளவுதான். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி. முதலில் தலைகீழாகத் தோன்றும். இரண்டு நாளில் பழகிவிடும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கும் இது உண்டு. திரையில் முகத்தைத் தொட்டதும் அருகே தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்துவது இதே செயல்தான். கைபேசிகளில் பெரும்பாலானவற்றின் துளையளவு மாறாதது. ஆகவே ‘புரோ’ முறையில் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் மட்டுமே திருத்த முடியும். இரவு முறையோ பல படங்களைத் தொடர்ந்தெடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது சிறந்தது, அசையும் பேரக்குழந்தைக்கு அன்று.

காலையில் எந்தப் பக்கம் பார்ப்பது

அளவுகளைக் கற்றவர்களும் ஒளியின் திசையை மறந்துவிடுகிறார்கள். காசியில் கங்கை வடக்கு நோக்கிப் பாய்கிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில் இருக்கின்றன. எதிர்க்கரை வெறும் மணற்பரப்பு. ஆகவே காலையில் சூரியன் ஆற்றுக்கு அப்பாலிருந்து எழுந்து நேராகப் படித்துறைகளின் மீது விழுகிறது. படகில் அமர்ந்து கரையைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். முகங்களும் கற்படிகளும் பொன்னிறமாக இருக்கும். எஃப்/8, படகு ஆடும் என்பதால் 1/250, ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400. சூரியன் சற்று ஏறிவிட்டால் இதைவிட எளிது. திரும்பி ஆற்றைப் பார்த்தால் சூரியன் எதிரே. துடுப்பு வலிப்பவர் நிழலுருவாகத் தெரிவார். அப்போது -1 வைத்தால் வானின் நிறம் வெளுக்காது. மாலையில் நிலைமை தலைகீழ்: சூரியன் நகரக் கட்டடங்களுக்குப் பின்னே மறைவதால், படித்துறைகள் சூரிய அத்தமனத்துக்கு முன்பே நிழலில் விழுந்துவிடும். ஆரத்தி தொடங்கும்போது மின்விளக்கும் தீபமுமே துணை.

அந்த மின்விளக்குகளிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால், குறிப்பாகச் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில், படத்தின் குறுக்கே கருமைப் பட்டைகள் விழலாம். 1/50 அல்லது 1/100இல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் மினுங்கலின் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடுவதால் பட்டை மறையும். திருமண மண்டபத்திலும் இது நினைவில் இருக்கட்டும்.

வண்ணச் சமநிலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆட்டோ’ பெரும்பாலும் நன்றாகவே செய்யும். தீப ஒளியின் பொன்மஞ்சளை மட்டும் அது வெள்ளையாக்கப் பார்க்கும். அங்கே ‘பகல்’ குறியில் வைத்துவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஆர்.ஏ.டபிள்யூ. வடிவில் சேமித்தால் வண்ணத்தைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஆனால் மங்கலைத் திருத்த அதுவும் உதவாது.

குவியம் இன்னும் முக்கியம். கேமராவே குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால் அருகில் இருப்பதையோ பளிச்சென்று தெரிவதையோ அது பிடித்துக்கொள்ளும். அம்மாவின் முகத்தை விட்டுத் தீபத்தண்டில் நின்றுவிடும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, அதை அவர் கண்மீது வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, உறுதியான பின் முழுவதும் அழுத்த வேண்டும். எடுத்ததும் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மூன்று அங்குலத் திரையில் எந்த மங்கலும் தெளிவாகவே தோன்றும். நான் ஏமாந்தது அங்கேதான்.

இவ்வளவையும் கூட்டத்தின் நடுவே நினைத்துக்கொண்டிருக்க முடியுமா? வேண்டியதில்லை. சக்கரத்தில் ‘எம்’ என்னும் முழுக் கைமுறைக்குப் போனால்தான் கலைஞர் என்ற எண்ணம் வீண் பெருமை. ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்ற குறியில் துளையளவை மட்டும் நாம் தேர்ந்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ‘எஸ்’ அல்லது ‘டிவி’ குறியில் வேகத்தை நாம் தேர்ந்தால் துளையை அது பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, அதன் உச்ச வரம்பை மட்டும் பட்டியலில் 6400 என்று வைத்துவிடுங்கள். மாலையில் மனிதர்களை எடுக்க ‘எஸ்’, 1/125. பகலில் காட்சிகளை எடுக்க ‘ஏ’, எஃப்/8. இந்த இரண்டிலேயே ஒரு யாத்திரையை முடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் எந்த அளவிலும் எடுக்கக்கூடாதது: மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர படித்துறையிலும் எரியும் சிதைகள். படகோட்டிகளே கேமராவைத் தாழ்த்தச் சொல்வார்கள். அங்கே நிற்பவர்களும் யாரோ ஒருவரை இழந்தவர்கள்.

பயிற்சிக்குக் காசி வரை போக வேண்டாம். இரவில் கூடத்தின் விளக்குகளை அணைத்து ஒரு குத்துவிளக்கை ஏற்றுங்கள். வீட்டில் ஒருவரை அதன் அருகே அமர்த்துங்கள். ‘எஸ்’ முறையில் 1/60 வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 400, 800, 1600, 3200, 6400 என்று மாற்றி ஐந்து படம் எடுங்கள். பிறகு 1/8இல் ஒரு படம். ஆறையும் கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொன்றின் பதிவையும் படித்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது.

சென்ற கார்த்திகையில் என் சித்தியை அழைத்துக்கொண்டு மீண்டும் காசிக்குப் போனேன். அதே பழைய கேமரா. லென்ஸ் மட்டும் 50 மி.மீ. எஃப்/1.8. அதே படித்துறை, ஏறக்குறைய அதே படி. எஃப்/2, 1/125, ஐ.எஸ்.ஓ. 1600, வெளிச்ச ஈடு -0.7. பதினெட்டுப் படங்களில் பதினைந்து மிகத் தெளிவாக வந்தன; ஃபிளாஷ் இல்லை, புகையும் பொன்னிறமாக இருந்தது. அவற்றுள் பதினொன்றில் சித்தி கண்களை மூடி வணங்கிக்கொண்டிருக்கிறார். அதில் ஒன்றைத்தான் அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.